நாய் திருப்பித் தந்த அதிரசம்

ஒரு தீபாவளி நாளில், கர்த்தருடைய மகிமைக்காக, பக்கத்து வீட்டு நாயைக் கூப்பிட்டு அதிரசம் ஊட்டியவன் நான்.

இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் இந்தத் தொடரில் என் மாமனாரின் பொய்ப்பற்களையே ஊரறியச் சொல்லியாயிற்று. என்னை மட்டும் போர்த்தி வைப்பது நியாயமாகாது.

இடம், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் பின்புறம், பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போகும் ஒற்றையடிப் பாதை. காலை நேரம். தேயிலை மேல் பனிமூட்டம் ஈரத் துணிபோல் கிடந்தது. என் கையில் எவர்சில்வர் தட்டு. தட்டின் மேல் செய்தித்தாள். செய்தித்தாளுக்கு அடியில், இன்னும் எண்ணெய்ச் சூடு ஆறாத அதிரசங்கள்.

அதைக் கொடுத்தனுப்பியவர் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் முத்துலெச்சுமி அக்கா. அவருக்கும் எங்களுக்கும் ஒரே சுவர்தான். என் கணக்கில் அது சாமிக்குப் படைத்த பலகாரம். எனவே நான் சாப்பிடக்கூடாது. குப்பையில் போட்டால் அன்னத்தை அவமதித்த பாவம். திருப்பிக் கொடுத்தால் அக்காவின் முகத்தில் அடித்த பாவம். மூன்று பாவங்களுக்கு நடுவில் முட்டிக்கொண்டு நின்றவனுக்கு ஜொனிதான் ஒரே வழியாகத் தெரிந்தது.

ஜொனி, முத்துலெச்சுமி அக்கா வீட்டு நாய். எங்கள் தோட்டத்தில் இந்து வீட்டு நாய்களுக்குத்தான் கிறிஸ்தவப் பெயர் வாய்க்கும். எங்கள் நாய்க்கு மணி என்று பெயர். அதைச் சிறுத்தை கொண்டுபோன பிறகு நாங்கள் வேறு வளர்க்கவில்லை.

"ஜொனி, ஜொனி" என்று குசுகுசுத்தேன். வந்தது. அதிரசத்தை முகர்ந்து பார்த்தது. பிறகு என் முகத்தையும் பார்த்தது. மரியாதைக்காக வாங்கிக்கொள்வதுபோல் பல்லால் கவ்விக்கொண்டு, கடிக்காமல், வேலி இடுக்கு வழியாகப் போய்விட்டது.

எங்கே போனது என்பதைப் பிறகு சொல்கிறேன். பிள்ளைகளுக்குத் தமிழும் வரலாறும் சொல்லிக் கொடுத்து அரசாங்கச் சம்பளம் வாங்கும் ஒரு மனிதன் இந்த நிலைமைக்கு எப்படி வந்து சேர்ந்தான் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும்.

தூக்கம் கலைந்தது

சென்ற வாரம் எங்கள் பழைய கல்லுக் கோவிலைப் பற்றியும், அதன் கடைசி பெஞ்சியில் ஞாயிறு ஆராதனை நேரங்களில் நான் வருடக்கணக்காகத் தூங்கியதைப் பற்றியும் எழுதியிருந்தேன். அந்தக் கோவில் எங்கே இருக்கிறது என்று கேட்டு வாசகர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். தூக்கம் வராதவர்கள் போலிருக்கிறது.

என் தூக்கம் கலைந்தது தலவாக்கலையில், ஓர் இரும்புக் கடையின் மேல்மாடியில். அங்கே ஒரு சிறிய ஜெபவீடு. என் மனைவி ஸ்டெல்லாதான் இழுத்துக்கொண்டு போனாள். பிரசங்கித்தவர் நேசன் பாஸ்டர். என்னைவிட வயதில் நன்றாக இளையவர். மற்ற நாட்களில் ஸ்டேசனுக்குப் பக்கத்தில் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறார்.

அன்று அவர் பேசியதில் பாதி எனக்குக் கேட்கவில்லை. பாட்டும் சுருதி சேரவில்லை. கீழே கடையில் யாரோ தகரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தின் நடுவில், சின்ன வயதிலிருந்து நான் சுமந்துகொண்டிருந்த ஏதோ ஒரு மூட்டையை யாரோ வந்து தோளிலிருந்து எடுத்து ஓரமாக வைத்ததுபோல் இருந்தது. நல்லவன் என்று பேரெடுத்துவிட்டுத்தான் கடவுளிடம் வரவேண்டும் என்று அதுவரை நினைத்திருந்தேன். அவரோ எப்போதோ என்னைச் சேர்த்துக்கொண்டுவிட்டார் என்று அன்று தெரிந்தது. இதில் கேலி எதுவும் இல்லை. நடந்தது.

மாடிப்படி இறங்கும்போது ஸ்டெல்லாவின் கையைப் பிடித்தேன். அவள் பயந்துபோய், நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டாள்.

விடுதலை கிடைத்தது ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை காலையில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

பெரட்டு

தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு விளக்கம். விடியும்போது வேலையாட்கள் ஓரிடத்தில் கூடி நிற்க வேண்டும். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா வந்து, இன்றைக்கு யார் எந்த மலையில் கொழுந்து எடுப்பது, யார் கவ்வாத்து வெட்டுவது, யார் புல்லு வெட்டுவது என்று பிரித்து அனுப்புவார். அதற்குப் பெயர் பெரட்டு.

என் அப்பா கவ்வாத்துக்காரர். அவர் வெட்டிய செடியைப் பார்த்தால் சலூனுக்குப் போய்வந்தது போலிருக்கும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள் காலை, நாங்கள் எழுந்து பார்த்தபோது அவரைக் காணவில்லை. தேடிப்போனால், தோளில் கம்பளியோடு பெரட்டுக் களத்தின் ஓரத்தில் நிற்கிறார்.

"சும்மாதான் நிக்கிறேன்" என்றார்.

மறுநாளும் சும்மாதான் நின்றார். அதற்கடுத்த நாளும். கண்டாக்கு ஐயா கொஞ்சம் விளையாட்டுப் பேர்வழி. ஒருநாள் எல்லோரையும் அனுப்பிவிட்டு அப்பாவைப் பார்த்து, "பெருசு, நீங்க மேமலைக்குப் போயி கொழுந்து எப்பிடி இருக்குன்னு பாத்துட்டு வாங்க" என்றார். அப்பாவின் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். மூச்சிரைக்க மலையேறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, "நல்லா இருக்குங்க" என்று அறிக்கை கொடுத்தார். அதன்பிறகு தினமும் அவருக்கு ஒரு மலை கிடைத்தது. கால் வீங்கிப் படுக்கும்வரை அந்த வேலையைச் செய்தார். ஓய்வூதியக்காரர் ஒருவர் இவ்வளவு சந்தோசமாக இருந்து நான் பார்த்ததில்லை.

அப்போது நான் ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். தலையில் நிறையப் புத்தகம். அப்பாவைப் பார்த்து, அடிமைப் புத்தி என்று ஒரு கட்டுரைகூட எழுதினேன். நல்லவேளையாக யாரும் அதைப் போடவில்லை.

மேல்மாடியில் எனக்கு விடுதலை கிடைத்த அடுத்த வாரமே, நானும் தோளில் கம்பளி போட்டுக்கொண்டு நேசன் பாஸ்டருக்கு முன்னால் போய் நின்றேன்.

கேட்டு வாங்கிய கயிறு

வாட்சப் என்ற ஒன்று இல்லாதிருந்தால் நேசன் பாஸ்டர் இன்னும் கொஞ்சம் தலைமுடியோடு இருந்திருப்பார்.

கிரிக்கெட் பார்க்கலாமா என்று கேட்டேன். மீசைக்குச் சாயம் பூசலாமா என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் நவராத்திரி வாணி விழாவுக்குப் பிள்ளைகளின் நடனத்தை நான் பழக்கலாமா, அல்லது வேறு ஆசிரியரை விட்டுப் பழக்கச் சொல்லிவிட்டு நான் கதவுக்கு வெளியே நின்று தாளம் மட்டும் தட்டலாமா என்று கேட்டேன். அவர் பெரும்பாலும் சிரிக்கும் பொம்மை ஒன்றை அனுப்புவார். சிரிக்கும் பொம்மையிலிருந்து சட்டம் எழுத முடியாது. மறுபடியும் கேட்பேன்.

இப்படித்தான் தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால், பக்கத்து வீட்டுப் பலகாரம் சாப்பிடலாமா என்று கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்பது இப்போதைக்கு வேண்டாம். கடைசியில் 'தவிர்ப்பது நல்லது' என்று ஒரு வரி வந்தது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. எனக்கும் ஒரு மலை கிடைத்துவிட்டது.

அந்த வரி என் வாயிலிருந்து வெளியே போகும்போது 'தொடவே கூடாது' என்று ஆகியிருந்தது. கீழ் லயத்தில் இருக்கும் எங்கள் ஜெபவீட்டுச் சாமுவேல் தம்பியிடம் போய்ச் சேரும்போது அது சபைச் சட்டமாகிவிட்டது. "சேர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான் சாமுவேல். சொன்ன சேருக்கும் அது மிகவும் சரியாகத்தான் தோன்றியது.

இதிலுள்ள வசதியை அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். வேண்டாம் என்பவற்றுக்கு ஒரு வரிசை இருந்தால் போதும், காலையில் எழுந்து அதைத் தாண்டாமல் நடந்தால் இரவு நிம்மதியாகத் தூங்கலாம். யாரையும் யோசிக்க வேண்டியதில்லை. முக்கியமாக, பலகாரத்தைக் கொண்டுவந்து நீட்டுகிற மனிதரின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. தட்டைப் பார்த்தால் போதும்.

ஸ்டெல்லா இந்தச் சட்டத்தை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. நம் வீட்டுக்குள் அந்தப் பலகாரம் வேண்டாம், அவ்வளவுதானே என்று கேட்டுக்கொண்டாள். அதன்பிறகு முத்துலெச்சுமி அக்காவின் அடுப்படிக்கே போய், பலகாரச் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சுடச்சுடத் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

ஜொனியின் நேர்மை

இனி நாய்க்கு வருவோம்.

நான் ஒரு விசயத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. தீபாவளி ஜொனியின் வீட்டிலும்தான். விடிந்ததிலிருந்து கறிச்சோறும் வடையுமாகத் தின்று அதற்கு வயிறு முட்டியிருந்தது. அந்த நிலையில் ஒரு நாய் தனக்குக் கிடைத்த அதிரசத்தை என்ன செய்யும்? வீட்டுக்குக் கொண்டுபோகும்.

முத்துலெச்சுமி அக்கா பின்வாசலில் சட்டி கழுவிக்கொண்டிருந்தார். ஜொனி நேராகப் போய் அவர் காலடியில் அதிரசத்தை வைத்துவிட்டு வாலை ஆட்டியிருக்கிறது. அவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், இரண்டாவது அதிரசத்தைக் கையில் நீட்டியபடி, "ஜொனி, ஜொனி, இந்தா" என்று மூலையைத் திரும்பி வந்தேன்.

அவரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். என் இடது கையில் அவருடைய தட்டு. வலது கையில் அவருடைய அதிரசம். நடுவில் அவருடைய நாய்.

பொய் சொல்லவும் எனக்கு வரவில்லை. வந்திருந்தாலும் எந்தப் பொய் அங்கே பொருந்தியிருக்கும்?

அக்கா கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் அதிரசத்தில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் தட்டிவிட்டார்.

"அவன் திங்க மாட்டான் வாத்தியாரே. அவனுக்குக் காலையிலயே குடுத்துட்டேன்" என்றார்.

சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வெறும் தட்டு

லயத்துச் சுவர் கூரைவரை போகாது. மேலே ஒரு முழம் இடைவெளி. அந்த இடைவெளி வழியாகத்தான் இரண்டு வீடும் இத்தனை காலம் வாழ்ந்தன. அக்காவின் கணவர் சிவனு அண்ணன் இரவில் இருமினால், நான் படுத்தபடியே, "சுடுதண்ணி குடிங்கண்ணே" என்பேன். என் பிள்ளைகள் வாய்ப்பாடு தப்பாகச் சொன்னால், முன்னாள் கங்காணியான அவர் அந்தப் பக்கத்திலிருந்து திருத்துவார். அக்கா சுவரில் இரண்டு தட்டுத் தட்டினால் உப்பு வேண்டும் என்று அர்த்தம்.

தீபாவளிக்குப் பிறகு சுவர் பேசவில்லை. அண்ணன் மட்டும் இருமினார். அதையும் துண்டை வாயில் வைத்துக்கொண்டு இருமியதுபோல் கேட்டது.

கிறிஸ்மஸ் வந்தது. ஸ்டெல்லா வழக்கம்போல் கேக் துண்டுகளைத் தட்டில் அடுக்கி அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோனாள். அன்று மாலையே தட்டு திரும்பி வந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பண்டம் வந்த தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. வீட்டில் ஒன்றுமே இல்லையென்றால் ஒரு பிடி சீனி, அதுவும் இல்லையென்றால் இரண்டு பச்சை மிளகாயாவது வைத்துக் கொடுப்பார்கள். அன்று வந்த தட்டில் ஒன்றுமில்லை. நன்றாகச் சாம்பல் போட்டு விளக்கியிருந்தார்கள். குனிந்து பார்த்தால் என் முகம் தெரிந்தது. அதிக நேரம் பார்க்கக்கூடிய முகமாக அது இல்லை.

ஸ்டெல்லா அதை மடியில் வைத்துக்கொண்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் மூத்த மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஸ்டெல்லாவை நுவரெலியா ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அவள் பிழைப்பாளா என்று டாக்டர்களே சொல்லத் தயங்கிய நாட்கள். நான் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தேன். முத்துலெச்சுமி அக்கா மலையிலிருந்து வந்து, கொழுந்துக் கூடையை இறக்கியதும், ஈரச் சீலையைக்கூட மாற்றாமல் எங்கள் பிள்ளையைத்தான் தூக்குவார். அந்தப் பிள்ளை முதலில் 'அம்மா' என்று கூப்பிட்டது அவரைத்தான்.

"அக்காவுக்குத் தோட்டத்துல கீழ புது வீடு குடுத்துட்டாங்க" என்றாள் ஸ்டெல்லா. "தை பொறந்ததும் பால் காய்ச்சிப் போயிருவாங்க. இப்பிடியே போனாங்கன்னா, அதுக்குப் பொறகு நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அந்த வீட்டுப் படி ஏறுவேன்?"

 அதைப் பற்றிப் பாஸ்டரிடம் நான் இன்னும் கேட்டிருக்கவில்லை.

தை மாதம் சிவனு அண்ணன் லயம் முழுக்க வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தார். மற்ற வீடுகளில், "எல்லாரும் வந்துறணும்" என்றார். எங்கள் இஸ்தோப்புத் திண்ணையில் ஏறவில்லை. வாசலில் நின்று, "புது வீட்டுல பால் காய்ச்சுறோம். சொல்லிட்டேன். வர்றது ஒங்க விருப்பம்" என்றார்.

ஒங்க விருப்பம். இந்த இரண்டு சொல்லுக்கு நான் பயந்ததுபோல் சிறுத்தைக்கும் பயந்ததில்லை.

கடையில் கிடைத்த பதில்

சனிக்கிழமை பஸ் பிடித்துத் தலவாக்கலைக்குப் போனேன். நேசன் பாஸ்டர் ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குடல் பிடுங்கிய தொலைபேசி ஒன்றின் மேல் குனிந்திருந்தார். அதன் சொந்தக்காரியான ஓர் அம்மா, ஆபரேசன் அறைக்கு வெளியே காத்திருப்பவர்போல் கதிரை நுனியில் உட்கார்ந்திருந்தார்.

புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறார்கள், போகலாமா என்று கேட்டேன். போங்க சேர் என்றார், தலை நிமிராமல். பொங்கல் கொடுப்பார்களே என்றேன். கொடுப்பார்கள்தான் என்றார். படைத்துவிட்டுத்தான் கொடுப்பார்கள் என்றேன்.

அவர் பூதக்கண்ணாடியைக் கழற்றினார்.

"சேர், தீபாவளி நேரம் எங்கிட்ட எத்தன தரம் கேட்டீங்க, ஞாபகம் இருக்கா?"

நான் மேலே தொங்கிய தொலைபேசி உறைகளைப் பார்த்தேன்.

"மொதல்ல கேட்டப்போ, ஜெபம் பண்ணிட்டுச் சாப்பிடுங்கன்னேன். ரெண்டாவது தரமும் அதான் சொன்னேன். அப்பறம், எலகுவான வழி சரியான வழியா பாஸ்டர்னு கேட்டீங்க. அப்பறம், மத்தவங்களுக்கு முன்மாதிரியா இருக்க வேணாமா பாஸ்டர்னீங்க. கடசியா நீங்க கேக்கயில நான் ஹட்டன் பஸ்ல ஒத்தக் கையில தொங்கிக்கிட்டு இருந்தேன். தவிர்க்கிறது நல்லதுன்னு போட்டுட்டேன். ஒடனே கும்புடுற கை வரிசையா அனுப்புனீங்க."

எல்லாம் உண்மை. சாப்பிடு என்று அவர் சொன்ன பதில் எனக்குப் பிடிக்கவில்லை. விசுவாசம் என்றால் எங்காவது கொஞ்சம் கசக்க வேண்டாமா? அதிரசம் சாப்பிடலாம் என்று சொல்லும் ஒரு மார்க்கத்தில் எனக்கு என்ன மரியாதை மிஞ்சும்?

"சரி, இப்ப என்ன சொல்றீங்க?" என்றேன்.

"இந்தத் தரம் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"அப்ப நான் யாருகிட்டப் போய்க் கேக்குறது?"

"ஆண்டவரு ஒங்களக் கட்டவிழ்த்து விட்டுட்டாரு சேர். நீங்கதான் ஆளாளுக்கு முன்னால போயி, கட்டுங்க கட்டுங்கன்னு ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு நிக்கிறீங்க. எனக்கு இந்த அம்மாவோட போனே போதும்."

அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

வீடு திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் எனக்கு வெளியே எதுவும் தெரியவில்லை. எகிப்தைவிட்டுக் கிளம்பி வந்த ஜனங்கள், அங்கே தின்ற வெங்காயத்தை நினைத்து வனாந்தரத்தில் அழுத கதையை ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். வெங்காயத்துக்காக அழுத முட்டாள்கள் என்று பிள்ளைகளோடு சேர்ந்து சிரித்துமிருக்கிறேன். அன்றுதான் அவர்கள் மேல் எனக்கு அனுதாபம் வந்தது. எகிப்தில் எந்தச் செங்கல்லை எங்கே வைப்பதென்று சொல்ல ஆள் உண்டு. வனாந்தரத்தில் தினமும் எழுந்து, தானே நிமிர்ந்து பார்த்து, தானே நடக்கவேண்டும். தப்பாக நடந்தால் அதுவும் தன் தலையில்தான்.

பூண்டுலோயாப் பாதையின் வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப எனக்கு ஒன்று தெளிவாகிக்கொண்டு வந்தது. நான் காப்பாற்றிவந்தது கர்த்தரின் பெயரை அல்ல. 'சேர் ரொம்ப உறுதியான ஆளு' என்று சாமுவேல் சொல்வானே, அந்தப் பெயரை. அதற்கு நான் கொடுத்த விலை என் மனைவியின் சிநேகிதி.

பால் பொங்கியது

குளிரில் மூச்சு புகையாக வந்த காலை. புது வீட்டில் சிமெந்து வாசனையும் பெயின்ட் வாசனையும் சாம்பிராணியோடு கலந்திருந்தன. ஸ்டெல்லா முன்னால் நடந்தாள். நான் பின்னால் ஒரு சுவர்க்கடிகாரத்தைச் சுமந்துகொண்டு போனேன்.

பால் பொங்கி வழிந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். பொங்கலைப் படைத்துக் கும்பிட்டார்கள். நான் ஓரமாக, கையைக் கட்டிக்கொண்டு, என் கடவுளிடம் இந்த வீட்டுக்காக வேண்டிக்கொண்டேன். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்கத் தோன்றவில்லை.

பிறகு எல்லோரும் வரிசையாகப் பாயில் உட்கார்ந்தோம். எனக்குப் பக்கத்தில் சாமுவேல். முத்துலெச்சுமி அக்கா பொங்கல் சட்டியோடு வந்தார். ஒவ்வோர் இலையிலும் ஒரு கரண்டி. வெல்லமும் நெய்யும் ஏலக்காயும் மணந்தன. என்னிடம் வந்ததும் கரண்டி நின்றது. அவர் திரும்பி, ஜன்னல் கட்டிலிருந்து இரண்டு மாரி பிஸ்கட் பக்கெட்டுகளை எடுத்தார். உடைக்காதவை. ஒன்றை என் இலையில் வைத்தார். மற்றதைச் சாமுவேலின் இலையில்.

"ஒங்களுக்குன்னு கடையில வாங்கி வச்சேன் வாத்தியாரே. சாமிக்கிட்ட வைக்கல. தெறந்துகூடப் பாக்கல" என்றார்.

அவர் குரலில் குத்தல் இல்லை. தேடிப் பார்த்தேன், இருந்திருந்தால் பிடித்துக்கொண்டிருப்பேன். வேலை முடிந்த களைப்போடு டவுனுக்குப் போய், எனக்கு எது தோதுப்படும் என்று யோசித்து வாங்கி வந்திருக்கிறார். நாய்க்கு அதிரசம் போட்டவனுக்கு.

அந்த பிஸ்கட்டைத் தின்றுவிட்டு எழுந்திருந்தால் எல்லாம் சுபமாக முடிந்திருக்கும். என் சட்டம் காப்பாற்றப்பட்டிருக்கும். எனக்கு இனி ஆயுள் முழுக்க அந்த வீட்டில் மாரி பிஸ்கட் கிடைத்திருக்கும்.

சாமுவேல் பக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். ஸ்டெல்லா என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். நான் முதல்தடவையாகத் தட்டையோ இலையையோ பார்க்காமல் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். முன்பல் ஒன்று விழுந்திருந்தது. அது எப்போது விழுந்தது என்றே எனக்குத் தெரியவில்லை.

"அக்கா, பிஸ்கட்ட எடுத்துருங்க" என்றேன். "எனக்கும் பொங்கல் போடுங்க."

பாயில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"படைச்சதுங்க" என்றார் அக்கா, எச்சரிப்பதுபோல்.

"பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"நாளைக்கு ஒங்க ஆளுங்க ஒண்ணு சொல்லிறப் போறாங்க."

"சொன்னா நான் பேசிக்கிறேன். நெய்யா ஊத்துங்க."

 அக்கா கரண்டியைச் சட்டியின் அடிவரை விட்டு, முந்திரி இருக்கிற இடமாகப் பார்த்து அள்ளிப் போட்டார். நான் கண்ணை மூடி நன்றி சொல்லிவிட்டுச் சாப்பிட்டேன். நான் கண்ணைத் திறந்தபோது சாமுவேலின் இலையிலும் பொங்கல் இருந்தது. அவ்வளவு காலமும் அவன் என் வாயைப் பார்த்துப் பட்டினி கிடந்திருக்கிறான்.

இரண்டாவது தரம் கேட்டு வாங்கினேன். மூன்றாவது தரம் கேட்காமலே விழுந்தது.

கிளம்பும்போது அக்கா ஸ்டெல்லாவின் கையில் ஒரு தட்டைக் கொடுத்தார். மேலே செய்தித்தாள் மூடியிருந்தது.  அக்கா ஸ்டெல்லாவின் தோளில் இருந்த பஞ்சு ஒன்றை எடுத்துப்போட்டார். அந்தப் பஞ்சை எடுக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

சிவனு அண்ணன் பாதை வளைவுவரை எங்களோடு வந்தார். ஸ்டெல்லா தட்டோடு வேகமாக மேலே ஏறிப் போய்விட்டாள். எனக்கு மனம் நிறைந்திருந்தது. யாரிடமாவது சொல்லாவிட்டால் தாங்காது என்றிருந்தது.

"அண்ணே, படைச்சதா படைக்காததான்னு இன்னிக்கு நான் பாக்கல. பெரிய பாரம் எறங்குன மாதிரி இருக்கு" என்றேன்.

அண்ணன் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார்.

"ஒங்க வீட்டுத் தட்டுக்கு உள்ளத அவ எப்பவுமே சாமிக்கு வைக்கிறதுக்கு முந்தியே எடுத்து வச்சிருவா. ஒங்கப்பா இருந்த காலத்துலருந்தே அப்பிடித்தான். அன்னிக்கு அதிரசமும் படைக்காததுதான். எல்லாருகிட்டயும் கேட்டீங்க, அவகிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றார்.

நான் நின்றுவிட்டேன்.

"தின்னக்கூடியத நாய்க்குப் போட்டீங்க. கூடாதுன்னத மூணு தரம் வாங்கித் தின்னுட்டு, பாரம் எறங்கிருச்சுங்கறீங்க. மேடு வருது வாத்தியாரே, மெதுவா ஏறுங்க."